குணசேகரனுக்குக் கருமாதி கிடையாது

பெரியகுளம் தென்கரையில் இருக்கும் என் அத்தைக்கு எண்பதை நெருங்கும் வயது. காது மந்தம், வாய்க்கு அந்தக் குறை இல்லை. 2022 பிப்ரவரியில் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ தொடர் தொடங்கியதிலிருந்து, ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு மனிதரை வைய ஆரம்பிப்பாள். பத்து மணிக்கு நிறுத்துவாள். நடுவில் விளம்பரம் வந்தால் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்வாள். ‘வெளங்காதவன்’ என்று மெதுவாகத் தொடங்கி, ‘எடுபட்ட பய’, ‘நாசமாப் போறவன்’ என்று ஏறி, மருமகள்களில் யாராவது கண்ணைக் கசக்கினால் ‘கட்டையில போறவன்’ என்ற உச்சத்தில் போய் நிற்பாள். வசவு வாங்கியவர் பெயர் ஆதி குணசேகரன். பெரிய வீடு, மூன்று தம்பிகள், படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்துகிற குடும்பம்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை, குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து அதே தொடருக்குச் சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடம்புக்கு முடியாமல் எழுந்துபோனார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் உயிர் தங்கவில்லை. வயது 57 என்று போட்டார்கள். அத்தை அன்று டிவியைப் போடவில்லை. “நான் குணசேகரனத்தானப்பா வஞ்சேன், மாரிமுத்துவையா வஞ்சேன்?” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

டிவியில் வந்தவர்களை வழியனுப்புவது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. முன்பு அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தோம்.

தூர்தர்ஷன் காலத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே டிவி, வாத்தியார் வீட்டு டயனோரா. மரப்பெட்டிக்குள் இருக்கும், பெட்டிக்கு இழுத்து மூடுகிற கதவு, கதவுக்குப் பூட்டு. நகைப் பெட்டியைக்கூட அந்த வீட்டில் அப்படிப் பூட்டியதில்லை. கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் வந்தபின் எங்களுக்குத் திசைக் குழப்பமே இல்லை: ஆன்டெனாவை மலையைப் பார்த்துத் திருப்ப வேண்டியது, மாடியில் ஒருவன் நின்று “இப்பத் தெரியுதா?” என்று கத்த வேண்டியது, கீழே ஒன்பது பேர் ஒன்பது பதில் சொல்ல வேண்டியது. மலைக்குக் கீழேயே குடியிருந்தும் படத்தில் புள்ளி விழுந்தது. சாமிக்குப் பக்கத்தில் நிற்கிற பூசாரிக்கு வரம் கிடைக்காது என்று அப்பத்தா அதற்கு விளக்கம் வைத்திருந்தாள்.

1987 ஜனவரி 25 அன்று ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ வந்தது. இந்தி எதிர்ப்புக்குப் பேர்போன மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வீடு கொள்ளாத கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு இந்தி கேட்டது. கேட்டது என்றால், ராமனும் சீதையும் பேசியது யாருக்கும் புரியவில்லை. மொழிபெயர்ப்பு அப்பத்தா பொறுப்பு. அவளுக்கும் இந்தி தெரியாது. தெரியாதது அவளுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. திரையில் தசரதன் இரண்டு வார்த்தை பேசினால் அப்பத்தா நான்கு நிமிடம் பேசினாள். கைகேயி பக்கத்து நியாயத்தையும் ஒரு வாய் சொல்லிவிட்டுத்தான் மேலே போனாள். சின்ன வயதில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்த தோல்பாவைக் கூத்தெல்லாம் அதில் கலந்து வந்தது. அருண் கோவிலின் ராமனுக்கு எங்கள் தெருவில் குரல் கொடுத்தவள் பல்லில்லாத ஒரு கிழவி என்பது சாகருக்குக் கடைசிவரை தெரியாது.

ராவணன் செத்த அன்று அப்பத்தா மொழிபெயர்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பத்துத் தல இருந்தென்ன, ஒரு தலைக்காச்சும் புத்தி சொல்ல ஆளில்லாமப் போச்சே” என்றாள். முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ராமனுக்குச் சூடம் காட்டிய அதே வாத்தியார் வீட்டு நடையில், ராவணனுக்காகப் பெண்கள் கண் துடைத்ததை நான் பார்த்தேன். வாத்தியார் அதைப் பார்க்காதமாதிரி இருந்துகொண்டார்.

1988 ஜூலை கடைசியில் தொடர் முடிந்தது. தேங்காய் உடைத்தார்கள், எல்லார் கையிலும் ஒரு சில்லு விழுந்தது, வாத்தியார் பெட்டிக் கதவை இழுத்துப் பூட்டினார், அவ்வளவுதான். வடக்கே அப்படிச் சுலபமாக விடவில்லை. லவகுசர் கதையையும் எடுத்தால்தான் ஆயிற்று என்று ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் ஆதி குருவாகக் கொண்டாடுகிறவர்கள் அவர்கள். வால்மீகி கதைக்குள் வருகிற இடம் வருமுன்னே தொடரை முடித்தால் எப்படி? வேலைநிறுத்தம் மற்ற ஊர்களுக்கும் பரவி, அரசாங்கம் இறங்கிவந்து, உத்தர ராமாயணமும் எடுக்கப்பட்டது. குப்பை அள்ளாவிட்டால் கதை நீளும் என்பதை இந்திய அரசு ஒப்புக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம். பிறகு 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் குஜராத்திலிருந்து எம்.பி. ஆனார்கள். ராமனுக்கு மட்டும் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லனை ஜனங்கள் மறப்பதில்லை என்பது அரசியல் கட்சிக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து கேபிள் வந்தது. ராதிகாவின் ‘சித்தி’ 1999 கடைசியில் தொடங்கி 2001 கடைசியில் முடிந்தது. முடிந்த அன்று அம்மா உண்மையாகவே அழுதாள். கூடப்பிறந்தவளை ரயிலேற்றிவிட்டு வந்தவள்போல இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடமே ‘அண்ணாமலை’ என்ற பெயரில் ராதிகா திரும்பி வந்துவிட்டார். அம்மாவுக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி ஏமாந்துபோன கோபம். 2020-ல் ‘சித்தி 2’ என்றே ஒன்று வந்தபோது கோபமும் பழகிப்போயிருந்தது. நடுவில் ‘மெட்டி ஒலி’ முடிந்தது, ‘கோலங்கள்’ முடிந்தது. ‘கோலங்கள்’ மட்டும் ஆறு வருடம் ஓடியது. அது தொடங்கியபோது பால்வாடி போன பிள்ளை முடிந்தபோது நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தது.

இடையில் 2006-ல் அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. ரேஷன் கார்டுக்கு ஒரு பெட்டி. நல்ல திட்டம்தான், ஏழை வீட்டுப் பெண்கள் அடுத்த வீட்டு வாசல்படியில் நின்று பார்க்கிற அவமானம் போயிற்று. அதோடு சேர்ந்து அடுத்த வீடும் போயிற்று. யாருக்காக யார் அழுகிறார்கள் என்பதை அதன்பிறகு சுவர்தான் கேட்டது.

குணசேகரன் விஷயத்துக்கு வருகிறேன். அத்தை அவரை அவ்வளவு வைதாளே, வெறுத்தாளா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. அவரில்லாமல் மருமகள்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிற நாட்களில் “இன்னைக்கு உப்புச்சப்பில்ல” என்று பத்து நிமிடத்தில் படுத்துவிடுவாள். மாமா உயிரோடு இருந்தவரைக்கும் மாந்தோப்புக் குத்தகை பார்த்தவர். கும்பக்கரைப் பக்கமும் சோத்துப்பாறைப் பக்கமும் தோப்பு பிடிப்பார். பூத்த மரத்தை அண்ணாந்து பார்த்தே இத்தனை டன் விழும் என்று சொல்லிவிடுவார், சொன்னது தப்பாது. எதிரில் நிற்கிற பெண்டாட்டிக்குக் காய்ச்சலா இல்லையா என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது. அத்தை அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு போகலாம் என்றார்கள். பிள்ளைகள் பிறந்தபிறகு போகலாம் என்றார்கள். அப்புறம் காசாலட்டு மாம்பழ சீசன் முடியட்டும் என்றார்கள். மாமா இருந்தவரை அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆகவே ஒன்பதரை மணி வசவில் பாதி, பழைய பாக்கி வசூல்.

“அப்படியே ஒங்க மாமாதாண்டா” என்று திரையைக் காட்டுவாள். வேட்டியை மடித்துக் கட்டுவது, சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொல்வது, ‘இந்தாம்மா ஏய்’ என்று ஒரு அதட்டலில் நாலு பெண்களையும் நடுக்கூடத்துக்கு வரவழைப்பது எல்லாம் எங்கள் பக்கத்து வீடுகளில் பல தலைமுறையாக நடந்ததுதான். மாரிமுத்து அதை வேறெங்கும் போய்ப் படிக்கவில்லை. அவர் பிறந்த பசுமலைத்தேரி, எங்கள் தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கம். இங்கிருந்து தேனி, கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டிப் போக வேண்டும். அந்த மண்ணில் ஒரு பெரிய மனிதர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தித் துண்டை உதறுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் டைரக்டராக வேண்டும் என்று வீட்டைவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிய ஆள். வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார். வைரமுத்து இங்கே பக்கத்தில் வடுகபட்டிக்காரர். அந்த ஊரில் பூண்டு சந்தை பெரியதா கவிதை பெரியதா என்பது இன்னும் தீராத வழக்கு. அப்புறம் ராஜ்கிரணிடமும் வேறு பலரிடமும் உதவி இயக்குநர் வேலை. சொந்தமாக இயக்கியது இரண்டே படம்: 2008-ல் ‘கண்ணும் கண்ணும்’, 2014-ல் ‘புலிவால்’. நடிகராக ‘யுத்தம் செய்’யிலும் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகியின் அப்பாவாகவும் வந்தார். பார்த்தவர்கள் நல்ல நடிகர் என்றார்கள், பெயர் கேட்டால் யோசித்தார்கள். முப்பது வருடம் சினிமாவில் கிடந்து கிடைக்காத பேர், தினம் அரைமணி நேரம் பெண்களை அதட்டியதில் ஒன்றரை வருடத்தில் கிடைத்தது. பெருமையாகச் சொல்கிற செய்தியா இது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நாட்டுக்கு எது தேவையாக இருந்தது என்பதைக் கூலி கொடுத்த விதம் காட்டிவிடுகிறது.

திரைக்கு வெளியே அவர் குணசேகரனுக்கு நேர் எதிர். பேட்டிகளில் பகுத்தறிவு பேசுவார். இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஜீ தமிழின் விவாத மேடையில் சோதிடர்களோடு மோதியிருந்தார்; அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. செத்தவுடன் சில சோதிடர்கள் “பார்த்தீர்களா” என்று புறப்பட்டுவிட்டார்கள். முன்கூட்டியே கணித்துச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல நடிகரைக் காப்பாற்றியிருக்கலாம். நடந்து முடிந்தபின் கணிப்பதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை.

சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் அதற்குமுன் எத்தனையோ பேரைக் கொன்றிருந்தார்கள். டிவியிலும் ஓடத் தொடங்கியபின்தான் நம்பினோம். சில நாள் முன்பு ஒளிபரப்பான காட்சியில் குணசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று பேசுவார். அதை வெட்டி எடுத்து எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள். அத்தைக்கும் வந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு நடிக்கிறான்னு நெனச்சேன்” என்றாள். நடிக்கத்தான் செய்தார் என்று சொன்னால் அவள் கேட்கிற நிலையில் இல்லை.

ஊருக்குள் மூன்றாந்தல் பக்கம் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் வைக்க எங்கள் தெருப் பையன்கள் வசூல் செய்தார்கள். எழுத்தில் தகராறு. ‘மாரிமுத்து’ என்று பெரிதாகப் போட்டால் எந்த மாரிமுத்து என்று கேட்பார்கள். பெரியகுளத்தில் கல்லெறிந்தால் ஒரு மாரிமுத்து மேல்தான் விழும். ‘ஆதி குணசேகரன்’ என்று போட்டால் சாகாத ஆளுக்கு அஞ்சலி வைத்ததாகிவிடும். தொடர் அன்றைக்கும் ஒன்பதரைக்கு இருந்தது. கடைசியில் ஃபிளக்ஸ் அடிக்கிறவரே வழி சொன்னார்: பெயர் மாரிமுத்து, படம் குணசேகரன், கீழே தங்கள் பத்துப் பேர் முகமும். மறைந்தவர் முகத்தைவிடத் துக்கப்பட்டவர்கள் முகம் அதிக இடம் எடுத்துக்கொண்டது. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவிலிருந்தும் ஆள் போனார்கள். போனவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அத்தை விசாரித்தாள். நிறைய என்றதும் தலையாட்டினாள்.

இப்படி ஒரு சங்கடம் அமெரிக்காவிலும் வந்திருக்கிறது. அங்கே ‘செசமி ஸ்ட்ரீட்’ என்று குழந்தைகள் நிகழ்ச்சி. அதில் மளிகைக்கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு ஆளைப் போடலாமா, ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டு, உள்ளதைச் சொல்வதென்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24 அன்று வந்த பகுதியில், பெரிய மஞ்சள் பறவை தான் வரைந்த படத்தை ஹூப்பரிடம் கொடுக்கத் தேடுகிறது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் அதனிடம் சொல்கிறார்கள். ஏன் இப்படி என்று பறவை கேட்கிறது. அவர்களிடம் பதில் இல்லை. இல்லை என்பதை மறைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவை பள்ளிக்கூடம் போகாத பிஞ்சுகள்.

எண்பது வயது அத்தையிடம் அவ்வளவு நம்பிக்கை வைக்க நம் தொலைக்காட்சியால் முடியவில்லை. கதையில் குணசேகரன் கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போனார். வீட்டார் தேடினார்கள். தம்பிகள் பதறினார்கள். தம்பி ஞானமாக நடித்த கமலேஷ், மாரிமுத்துவின் கடைசி டப்பிங்கில் உடனிருந்தவர். அவர் கேமராவுக்கு முன்னால் அண்ணன் திரும்பி வருவார் என்று நடிக்க வேண்டியிருந்தது. நடிப்புத் தொழிலில் இதைவிடக் கஷ்டமான கூலி வேலை எனக்குத் தெரிந்து கிடையாது. நாங்கள் டிவிக்கு இந்தப் பக்கம் பதினாறாம் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் போலீசில் புகார் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சில வாரங்களில் குணசேகரன் திரும்பி வந்தார், எழுத்தாளர் வேல ராமமூர்த்தியின் முகத்தோடு. ‘குற்றப்பரம்பரை’ எழுதியவர், பெருநாழிக்காரர், மீசையும் குரலும் குறை சொல்ல முடியாதவை. வீட்டில் யாரும் “அண்ணே, முகம் என்ன மாறிப்போச்சு?” என்று கேட்கவில்லை. பெற்ற தாய்கூடக் கேட்கவில்லை. ஒருவர் இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருவது பெரியகுளத்துக்காரர்களுக்கு அதிசயமில்லை. எங்கள் ஊர் ஓ. பன்னீர்செல்வம் மூன்று தடவை முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர். மூன்று தடவையும் அந்த நாற்காலி யாருடையது என்பதில் ஊருக்குக் குழப்பம் இருந்ததில்லை. வேல ராமமூர்த்திக்கும் அதே கஷ்டம். அவர் எவ்வளவு அதட்டினாலும் அத்தை போனவரின் அதட்டலைத்தான் கேட்டாள். வைய முயன்று பார்த்தாள். ‘வெளங்காதவன்’ வரை வந்து நின்றுவிட்டது. “இவரு பெரிய மனுசராத் தெரியறாரு. வைய வாய் வரல” என்றாள்.

2024 ஜூனில் தொடரை முடித்தார்கள். அப்பாடா என்று இருந்தது. டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி ஆரம்பித்தார்கள். இயக்குநர் அதே திருச்செல்வம், ‘கோலங்கள்’ எடுத்தவர். முடிவு என்பதை அவசரப்பட்டு நம்பக்கூடாது என்று அந்த ஆறு வருடத்தில் நாங்கள் கற்றிருக்க வேண்டும். மருமகள் ஜனனி முகம் மாறினாள். குணசேகரன் மாறவில்லை, அதாவது மாறிய குணசேகரன் மாறவில்லை.

செத்தவரோ போகவும் இல்லை. என் அக்கா மகன் தன் வாட்ஸ்அப்பில் எதற்கெடுத்தாலும் மாரிமுத்து ஸ்டிக்கர் அனுப்புகிறான். கடன் கேட்டால் ஒன்று, தாமதமாக வந்தால் ஒன்று. ரீல்ஸில் அவர் இன்றும் நாளும் பொழுதும் அதட்டிக்கொண்டிருக்கிறார். வாத்தியார் வீட்டுப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை தவறவிட்ட ராமனை அப்புறம் பார்க்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் முடிந்ததை முடிந்தது என்று விட்டோம். இப்போது விரலால் தள்ளினால் வருகிறவரிடம் எந்த முறையில் போய்வா என்று சொல்வது?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை கேட்டாள்: “ஏப்பா, நீ பத்திரிகையிலெல்லாம் எழுதுறியே, அந்த டைரக்டரத் தெரியுமா?”

“தெரியாதுத்தே. எதுக்கு?”

“இந்தக் குணசேகரனக் கதையில எப்பத்தான் சாகடிப்பாய்ங்கன்னு கேட்டுச் சொல்லு.”

“அவரச் சாகடிச்சா தொடரே நின்னு போகும்த்தே.”

“ஏன் நிக்குது? ஒங்க மாமா செத்தப்ப என்ன நின்னு போச்சு? அந்த வருசந்தான் மரம் ஒடியக் காச்சுச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “செத்தவனுக்கு ஒரு நாளு, கருமாதிக்கு ஒரு நாளு, அந்தப் பொம்பளப் பிள்ளைக அழுகிறதுக்கு நாலு நாளு. ஒரு வாரத்துக் கதை ஆச்சுல்ல? அது தோணலயே இவுகளுக்கு.”

பிறகு கேபிள்காரர் இரண்டு மாதப் பாக்கி கேட்டு வந்துபோனதைச் சொல்லி, போகும்போது கட்டிவிட்டுப் போகச் சொன்னாள்.